கணினிப் பக்கம்: அம்மாவின் கேசட்டும் அரை வினாடித் தாமதமும்

நூலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் புத்தகங்களுக்கு எண் போட்டு, அட்டை எழுதி, ஓய்வு பெற்றவள் நான். சென்ற இதழில், வேர்டுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரே ஆபிஸைப் புகழ்ந்து நாலு வரி எழுதிவிட்டேன். இந்த மாதக் கடிதக் கட்டு முழுவதும் அதன் வினைதான். திட்டி வந்த கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; ஒளித்து வைத்தால் நன்றாக இருக்காது.

கேள்வி: உங்கள் பேச்சை நம்பி லிப்ரே ஆபிஸை நிறுவினேன் அம்மா. நண்பர் வேர்டில் தயாரித்து அனுப்பிய பன்னிரண்டு பக்க அறிக்கை, இதில் பதினான்கு பக்கமாகத் திறக்கிறது. கையெழுத்திடும் இடம் தனியாக ஒரு பக்கத்தில் அநாதையாக நிற்கிறது. இலவசம் என்றால் இவ்வளவுதானா?

பதில்: கோபம் நியாயமானது. இந்தச் சிக்கலைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஆனால் குற்றவாளி பெரும்பாலும் எழுத்துருதான். உங்கள் நண்பர் கலிப்ரியில் தட்டச்சு செய்திருப்பார். உங்கள் கணினியில் அது இல்லையென்றால், லிப்ரே ஆபிஸ் வேறொன்றைப் போட்டு ஒப்பேற்றும். ஒவ்வொரு எழுத்தும் மயிரிழை அகலமானாலும் போதும். வரி மடியும், பத்தி நீளும், பன்னிரண்டு பதினான்காகிவிடும். இதற்காகவே கலிப்ரியின் அகலத்துக்கு அச்சாக ஒத்துப்போகும் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ் என்று கட்டற்ற எழுத்துருக்களை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அவை உங்கள் எழுத்துருப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவிவிட்டு அதே கோப்பை மறுபடி திறந்து, எத்தனை பக்கம் என்று எழுதுங்கள்.

அப்போதும் சரியாகவில்லை என்றால், நண்பர் இடைவெளி விசையைத் தட்டித் தட்டியே அட்டவணைபோல அடுக்குகிறவராக இருக்கலாம். அந்த வியாதிக்கு எந்த மென்பொருளிலும் மருந்து கிடையாது.

நீங்கள் அனுப்பும்போது ஒரு வழி இருக்கிறது. லிப்ரே ஆபிஸில் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் சாளரத்தில் 'ஹைப்ரிட் பிடிஎஃப்' என்றொரு கட்டம் உண்டு. அதில் டிக் செய்தால், பிடிஎஃபுக்குள்ளேயே திருத்தக்கூடிய மூலக் கோப்பும் ஒளிந்துகொள்ளும். பெறுகிறவருக்கு அது சாதாரண பிடிஎஃப். லிப்ரே ஆபிஸ் வைத்திருப்பவர் திறந்தால் திருத்தலாம். எனக்குத் தெரிந்து பத்தில் ஒருவர்கூட இந்தக் கட்டத்தைத் தொட்டதில்லை.

கேள்வி: மறைந்த என் தாயார் பாடியவை எட்டு கேசட்டுகளில் இருக்கின்றன. கடையில் கொடுக்க மனம் வரவில்லை. நானே கணினிக்கு மாற்ற முடியுமா? எனக்குக் கணினியில் கடிதம் தட்டத் தெரியும், அவ்வளவுதான்.

பதில்: முடியும். கடிதம் தட்டத் தெரிந்ததே போதும். ஒலியைப் பதிந்து திருத்தும் ஆடாசிட்டி என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது; கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒலி ஆய்வுக்காகத் தொடங்கியது.

வேலையைக் கணினியில் தொடங்காதீர்கள், டேப் ரெக்கார்டரில் தொடங்குங்கள். அதன் ஒலித்தலையில் நாடாவிலிருந்து உதிர்ந்த பல ஆண்டுத் துகள் படிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் பஞ்சு காப்பிநிறமாக வரும். நிறம் வருவது நிற்கும் வரை துடையுங்கள். பிறகு கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் நாடா இளகும்.

டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள். மடிக்கணினியின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான், இரைச்சலும் சேரும். யுஎஸ்பியில் செருகும் சின்ன ஒலிப்பெட்டி ஒன்று இருந்தால் நல்லது. தாயார் உச்சத்தில் பாடும் இடத்தை ஓடவிட்டு, ஆடாசிட்டியின் அளவுமானி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி ஒலியைக் குறையுங்கள். ஒலி குறைவாகப் பதிந்துவிட்டால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கூரையில் முட்டி நசுங்கிப் பதிந்த குரலை ஒன்றும் செய்ய முடியாது. பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய்விடுங்கள். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது.

இனி நான் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும். என் தந்தை பேசிய ஒரே ஒரு கேசட்டை இப்படித்தான் மாற்றினேன். பின்னணியில் 'உஸ்ஸ்' என்ற நாடா இரைச்சல். ஆடாசிட்டியில் இரைச்சல் குறைப்பு என்ற விளைவு இருக்கிறது: பேச்சே இல்லாத இரண்டு வினாடிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து 'இதுதான் இரைச்சல்' என்று காட்டினால், அந்தச் சாயலை முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். கேட்கக் கேட்க ஆசை வந்து, எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். இரைச்சல் போயிற்று. அப்பா கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிட்டார். அதையே பழைய கோப்பின் மேல் சேமித்தும் தொலைத்தேன். மறுபடி பதியலாம் என்று கேசட்டைப் போட்டபோது நாடா அறுந்தது.

ஆகவே முதலில், கை வைக்காத பதிவை ஃப்ளாக் கோப்பாக ஏற்றுமதி செய்து, இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்துவிடுங்கள். ஃப்ளாக் ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் சுருக்கும். எம்பி3 சுருக்கும்போது கொஞ்சம் வீசியெறியும். சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 600 மெகாபைட், ஃப்ளாக்கில் பாதியளவுக்கு இறங்கும். எட்டு கேசட்டும் ஒரு சின்ன பென் டிரைவில் அடங்கும். சுத்தம் செய்வதெல்லாம் நகலில். இரைச்சல் குறைப்பை 12 டெசிபெல்லுக்கு மேல் ஏற்றாதீர்கள், ஆறே போதும். கொஞ்சம் 'உஸ்ஸ்' இருந்தால் இருக்கட்டும். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3 தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இலவச மென்பொருள் என்று தேடினால் விளம்பரம்தான் வருகிறது. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 'இலவசம்' என்று தேடுவதால்தான். விலை இல்லாதது வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருள் என்றால் எந்தக் காரியத்துக்கும் இயக்கலாம், மூலநிரலை, அதாவது அந்த மென்பொருளை எழுதிய வரிகளை, படித்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர், குனூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தபோது தொடங்கிய இயக்கம் இது. 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998இல் வந்தது. இரு தரப்புக்கும் கொள்கைச் சண்டை உண்டு. கேசட் மாற்றுகிறவர் அதற்குள் போக வேண்டியதில்லை.

தேடும்போது பொருளின் பெயரை விட்டு வேலையின் பெயரைச் சொல்லுங்கள். நூலகத்தில் 'நல்ல புத்தகம் இருக்கிறதா' என்று கேட்டவர்கள் வெறுங்கையோடு போவார்கள். 'தேனீ வளர்க்க வேண்டும்' என்றவர்களுக்கு ஒரு அலமாரியையே காட்டுவேன். 'பிடிஎஃப் பக்கங்களை முன்பின்னாக மாற்ற வேண்டும்' என்று தேடினால் பிடிஎஃப் அரேஞ்சர் அகப்படும். 'வருடிய தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக்க வேண்டும்' என்றால் டெஸராக்ட். அது ஒரு காலத்தில் எச்பி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தது, 2005இல் திறந்துவிட்டார்கள், தமிழும் படிக்கும். வாங்கிக் குவித்த மின்னூல்களை அடுக்கக் காலிபர். இதை மட்டும் நான் பாரபட்சத்தோடுதான் சொல்கிறேன், அட்டை எழுதிய கை.

பெயர் கிடைத்ததும் தேடல் முடிவின் உச்சியில் உள்ள விளம்பரத்தைத் தொடாதீர்கள். பெரிய பச்சைப் பொத்தான் இருந்தால் கூடுதல் சந்தேகம். அந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, உரிமம் என்ன என்று பாருங்கள். ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி, எம்பிஎல் போன்ற பெயர்களில் ஒன்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் எஃப்-டிராய்டு என்ற தொகுப்பகத்தில் இருப்பவை எல்லாமே கட்டற்றவை.

அப்புறம் என் சொந்தப் பரிசோதனை ஒன்று. பத்து வரி தட்டிச் சேமித்து, அந்தக் கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து பார்ப்பேன். திறக்கவில்லை என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒன்பது ஆண்டுகள் படித்த புத்தகங்களின் குறிப்புகளை ஒரு குறிப்பேட்டு மென்பொருளில் எழுதி வந்தேன். தயாரித்த நிறுவனம் கடையை மூடியது. புதுக் கணினியில் அது நிறுவப்படவில்லை, கோப்பை வேறு எதுவும் திறக்கவும் இல்லை. தற்செயலாக அச்செடுத்து வைத்திருந்த நாற்பது பக்கம்தான் மிச்சம். இப்போதெல்லாம் லிப்ரே ஆபிஸின் ஓடிடி கோப்பில் எழுதுகிறேன். 2006இல் ஐஎஸ்ஓ தரமான வடிவம் அது. நம்பாதவர்கள் ஒரு நகலை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள ஓடிடி என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'கன்டென்ட்' என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அடைப்புக்குறிகளுக்கு நடுவே நீங்கள் எழுதிய வரிகள் அப்படியே கிடக்கும். நாளை லிப்ரே ஆபிஸே இல்லாமல் போனாலும் ஒரு சாதாரண எழுத்துத் திருத்தியில் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடலாம். (நியாயமாகச் சொன்னால், வேர்டின் இப்போதைய கோப்பும் இப்படியான ஜிப் பொதிதான்.)

கேள்வி: படம் திருத்தும் கிம்ப் மென்பொருள் எனக்குப் புரியவே இல்லை. குறை என்னிடமா?

பதில்: பாதி கிம்பிடம். இரண்டு மாணவர்கள் தொண்ணூறுகளில் தொடங்கியது, பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துக் கட்டடம். 2025இல் வந்த 3.0 பதிப்பில் படத்தின் தோற்றத்தை மாற்றும் ஒரு வடிகட்டியைப் போட்டுவிட்டு பின்னாளில் மனம் மாறித் திருத்த முடிகிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் நீங்கள் செய்ய நினைப்பது என்ன? படம் வரைவதென்றால் கிரிட்டா. சின்னம், சுவரொட்டி என்றால் இங்க்ஸ்கேப். கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள். புகைப்படத்தில் ஓரமாக நிற்கும் உறவினரை வெட்டி எடுப்பதற்கு மட்டும் கிம்பிடம் வாருங்கள்.

கேள்வி: எம்பிராய்டரி எந்திரம் வாங்கினேன். வடிவமைப்பு மென்பொருளின் விலை எந்திரத்தோடு போட்டி போடுகிறது.

பதில்: மேலே சொன்ன இங்க்ஸ்கேப்பிலேயே இங்க்/ஸ்டிச் என்ற நீட்சியைச் சேருங்கள். நீங்கள் வரைந்த கோடு தையலாகும், வடிவம் நிரப்புத் தையலாகும். பிஇஎஸ், டிஎஸ்டி போன்ற எந்திரக் கோப்புகளாக எழுதித் தரும். ஊசி எந்த வரிசையில் போகும் என்பதைத் திரையிலேயே ஓட்டிக் காட்டும். அதை அவசியம் பாருங்கள், பூவின் நடுவில் ஊசி அங்குமிங்கும் தாவினால் வரிசையை மாற்றுங்கள். முதல் ஓட்டம் பழைய துணியில்.

கேள்வி: பேரன் கேமராவைத் தட்டி விளையாடியதில் மெமரி கார்டிலிருந்த படங்கள் அத்தனையும் அழிந்துவிட்டன. வழி உண்டா?

பதில்: உண்டு, இந்த வரியைப் படிக்கும்போதே கார்டை வெளியே எடுத்துவிட்டீர்கள் என்றால். இனி அதில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது.

அழிப்பது என்றால் பெரும்பாலும் பட்டியலிலிருந்து பெயரை அடிப்பது மட்டுமே. நூலக அட்டையைக் கிழித்துவிட்டால் புத்தகம் அலமாரியிலேயே இருக்குமல்லவா, அதுபோல. போட்டோரெக் என்ற மென்பொருள் பட்டியலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கார்டின் முதல் மூலையிலிருந்து ஒவ்வொரு தொகுதியாகப் படித்துக்கொண்டே போகும். ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற பதினறும எண்களில்தான் தொடங்கும். அது கண்ணில் பட்டதும் 'இங்கே ஒரு படம்' என்று அள்ளிக்கொள்ளும்.

டெஸ்ட்டிஸ்க் என்ற தொகுப்பைப் பதிவிறக்கினால் அதற்குள் போட்டோரெக்கும் இருக்கும். கறுப்புத் திரை பயமாக இருந்தால் க்யூபோட்டோரெக் என்பதைத் திறங்கள், அதில் பொத்தான்கள் உண்டு. பட்டியலில் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மீட்டவற்றைச் சேமிக்கும் இடம் கணினியின் வட்டாக இருக்கட்டும். அதே கார்டில் எழுதினால் மீளாத படங்களின் மேலேயே மீண்டவற்றை எழுதுவீர்கள்.

முடிவில் ஒரு கோப்புறை நிறைய 'எஃப்' என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாகப் பெயர்கள் வரும். பழைய பெயர்கள் திரும்பா. 'டி' என்று தொடங்குபவை படங்களுக்குள் பொதிந்திருந்த சிறு உருக்கள், அவற்றைத் தள்ளிவிடலாம். எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கும் என்பதால், படங்களை அடுக்கி வைக்கும் டிஜிகேம் என்ற மென்பொருள் அதைப் படித்துத் தேதிவாரியாகப் பெயரிட்டுத் தரும். காணொளிகள் துண்டு துண்டாகப் பதிந்திருந்தால் மீள்வது கடினம். பேரனைத் திட்ட வேண்டாம்; கார்டில் பூட்டு நெம்புகோல் இருந்தால் அவனுக்குக் காட்டிக் கொடுங்கள்.

கேள்வி: மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிறீர்கள். திருடனும் படிப்பானே?

பதில்: படிப்பான். எழுதவும் வருவான். 2024இல் நடந்ததைக் கேளுங்கள். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. விண்டோஸைப் போன்ற ஆனால் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் ஓடும் கணினிகளில் எங்கும் இருக்கும். பராமரித்தவர் களைத்துப்போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை பெற்று, சாவியைக் கையில் வாங்கி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவைச் செருகினார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வழி செய்யும் கதவு. அதைத் திறக்கும் ஒரு துண்டு, எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது. எல்லோரும் படிக்கலாம் என்பதும் எல்லோரும் படித்தார்கள் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். அவர் திருடனைத் தேடவில்லை, வேறு வேலையாக வேகத்தை அளந்துகொண்டிருந்தார். உள்நுழைவு ஒவ்வொன்றும் அரை வினாடி தாமதமாவது உறுத்தியது. நாமாக இருந்தால் அந்த அரை வினாடியில் கண் சிமிட்டியிருப்போம். அவர் நூலைப் பிடித்துக்கொண்டே போய், மார்ச் 29ஆம் தேதி உலகுக்குச் சொன்னார். லினக்ஸின் நிலையான பதிப்புகளுக்குப் பெரும்பாலும் அது போய்ச் சேருவதற்கு முன்பே அடைத்துவிட்டார்கள். மூலநிரல் மூடியிருந்தால் அவரால் 'ஏதோ தாமதம்' என்று முணுமுணுக்க மட்டும்தான் முடிந்திருக்கும். உங்களுக்கும் எனக்கும் இதில் உள்ள பாடம் எளிது: வெளியான அன்றே புதுப் பதிப்புக்கு ஓட வேண்டாம், பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது. என் கணினியில் 11 ஏறாதாம். எடைக்குப் போட்டுவிடவா?

பதில்: பொறுங்கள். ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும் என்பதால்தான் பல நல்ல கணினிகள் வாசலில் நிற்கின்றன. விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய லினக்ஸ் மின்டுக்கு இவை தேவையில்லை. 4 ஜிபி நினைவகம் இருந்தால் வசதியாக ஓடும், 2 ஜிபி என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்காருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, இந்த மூன்றும் சரி என்றால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும் முன் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுக்க வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என் பத்து வயது மகள், தான் பிறந்தபோது வானம் எப்படி இருந்தது என்று கேட்கிறாள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறந்தவளுக்கு எந்த நட்சத்திரத்தைக் காட்டுவது?

பதில்: எல்லாவற்றையும் காட்டலாம். வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லாரியம் என்ற மென்பொருளை நிறுவி, எஃப்6 அழுத்தி அவள் பிறந்த ஊரையும், எஃப்5 அழுத்தி நாளையும் நேரத்தையும் கொடுங்கள். நீல வானமும் சூரியனும் வரும். அவள் முகம் சுருங்கும். இப்போது 'ஏ' விசையைத் தட்டச் சொல்லுங்கள். காற்று மண்டலம் விலகி, பட்டப்பகலில் சூரியனுக்குப் பக்கத்திலேயே நட்சத்திரங்கள் தெரியும். 'சி' தட்டினால் விண்மீன் குழுக்களின் கோடுகள். 'ஜி' தட்டினால் தரையே மறைந்து, காலுக்குக் கீழே இருந்த வானமும் வரும். 'எல்' விசையை நாலைந்து முறை தட்டினால் காலம் ஓடத் தொடங்கும். நிலா ஒரு சுற்று வருவதை அவளே எண்ணட்டும். ஓட்டிக்கொண்டே எங்கோ போய்விட்டால் 8 என்ற எண் இன்றைக்குக் கூட்டி வந்துவிடும்.

நானும் நண்பகலில் பிறந்தவள்தான். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக அந்த 'ஏ' விசையைத் தட்டினேன். வெள்ளி சூரியனை ஒட்டி நின்றுகொண்டிருந்தது.